'போடு', 'போட்டுக்கொள்': அணிதலைக் குறிக்கும் வினைகளின் வரலாறு

தமிழில் அணிகலன்களின் பெயர்களைத் தொகுத்தோர் பலர். அவற்றை அணிதலைக் குறிக்கும் வினைகள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அணி இன்னதென்பதைப் பெயர் சொல்கிறது. யார் அணிவிக்கிறார், யாருடைய விருப்பத்தால் அது உடலில் ஏறுகிறது என்பவற்றை வினையே சொல்கிறது. ஒப்பனை என்பது தனிமனித விருப்பமாக மொழியில் பதிவான வரலாற்றை இவ்வினைகளைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பழந்தமிழில் பொருளுக்கேற்ப வினை வேறுபட்டது. பூவைச் சூடினர், கழலைக் கட்டினர், தொடியைச் செறித்தனர், தொய்யிலை எழுதினர், மையைத் தீட்டினர். 'அணி', 'பூண்' ஆகியன பெயராகவும் வினையாகவும் வழங்கின. அணிந்தவரை அணியாலேயே சுட்டும் மரபும் இருந்தது. ஆயிழை, சேயிழை, பொற்றொடி முதலிய அன்மொழித்தொகைகளில் அணி மட்டுமே சொல்லப்படுகிறது. அணிந்த பெண் தொகைக்குப் புறத்தே மறைந்து நிற்கிறாள். எனினும் இங்கு அணி ஒருத்தியை மற்றொருத்தியினின்று பிரித்துக் காட்டுவதில்லை. தலைவியர் அனைவரும் ஆயிழையரே. சிலப்பதிகாரத்தின் சிலம்பு வழக்கும் ஈண்டு நினைக்கத்தக்கது. கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் வேறுபடவில்லை. உடைத்தபோது தெறித்தது முத்தன்று, மாணிக்கம் என்று கண்ட பின்னரே உரியவர் யாரென்பது தெளிவாயிற்று.

இக்காலப் பேச்சு வழக்கில் இவ்வினைகளுட் பலவற்றின் இடத்தை 'போடு' என்னும் ஒரு வினை பிடித்துக்கொண்டது. 'போகடு' என்பதன் திரிபாகக் கொள்ளப்படும் இவ்வினைக்கு எறிதலே பழம்பொருள். இன்று தோடு, வளையல், சங்கிலி, மோதிரம் அனைத்தும் 'போட'ப்படுகின்றன. பூவிற்கும் பொட்டிற்கும் மருதாணிக்கும் 'வை' என்பதும், தாலிக்குக் 'கட்டு' என்பதும் எஞ்சி நிற்கின்றன. வினைகள் குறைந்ததால் நேர்ந்த இழப்பைத் துணைவினைகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்:

(அ) பெண்ணுக்கு 30 பவுன் போட்டார்கள்.
(ஆ) தங்கைக்கு வளையல் போட்டுவிட்டாள்.
(இ) வளையல் போட்டுக்கொண்டாள்.

(இ)யில் 'கொள்' என்னும் துணைவினை, செயலின் பயன் எழுவாய்க்கே திரும்புவதைக் காட்டுகிறது. (ஆ)வில் 'விடு' பிறர் உடலில் செய்யும் உதவியைக் குறிக்கிறது. அங்கு உடைமை கைமாற வேண்டியதில்லை. (அ)வில் எழுவாய் பெண்ணைப் பெற்றோர். பெண் நான்காம் வேற்றுமையில் பெறுநராக நிற்கிறாள். போடப்பட்ட அணி எது என்பதும் இத்தொடரில் இல்லை. 'பவுண்டு' என்னும் ஆங்கிலச் சொல்லின்வழி வந்த 'பவுன்', நகை வணிகத்தில் 8 கிராம் எடையைக் குறிப்பது. அணியின் வடிவம் மறைந்து எடை மட்டுமே பேசப்படும் இடத்தில் அணிபவளின் விருப்பம் வெளிப்பட வழியில்லை.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு முடிவதன்று. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. மணமகளின் சீதனம் அவளுக்கே முழுவுரிமை உடையது என்றும், அதனை ஒப்படைக்கப் பெற்றவர் திருப்பித் தர மறுப்பின் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்றும் உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரு வாக்குமூலத்தில் வரும் '30 பவுன் போட்டோம்' என்பதை 'அணிவித்தோம்' எனப் பெயர்த்தால், அது ஒருநாள் ஒப்பனையாகச் சுருங்கிவிடும். 'மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தோம்' எனப் பெயர்த்தால் உடைமையே கைமாறிவிடும். 'பெண்ணுக்கு' என்னும் நான்காம் வேற்றுமையைக் காத்து, 'அவளுக்கு உடைமையாக அளித்தோம்' எனப் பெயர்ப்பதே மூலத்திற்கு அண்மையது.

இந்திய மொழிகள் பிறவற்றிலும் இதனையொத்த வேறுபாடு காணப்படுகிறது. தெலுங்கில் 'பெட்டு', 'பெட்டுகொனு' என்றும், கன்னடத்தில் 'ஹாகு', 'ஹாகிகொள்ளு' என்றும் வரும் இணைகள் தமிழுக்கு நெருக்கமானவை. இந்தி இதனைப் 'பஹன்னா', 'பஹனானா' என்னும் வினையடி வேறுபாட்டால் உணர்த்துகிறது. மலையாளத்தில் 'இடுக' என்னும் வினையே தனக்கு இடுதலையும் பிறர்க்கு இடுதலையும் குறிக்க வல்லது. எனவே மலையாளத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர் சூழலை நோக்கியே துணைவினையைத் தேர்தல் வேண்டும்.

தன் விருப்பம் என்னும் கூறு மிகத் தெளிவாக வெளிப்படுவது நகத்திற்கு வண்ணமிடும் வழக்கில் எனலாம். மருதாணியின் நிறம் இடுபவரின் முடிவிற்கு உட்பட்டதன்று. 'நன்றாகச் சிவந்திருக்கிறது', 'எனக்குச் சிவக்கவில்லை' என்னும் தொடர்களில் வினை தன்வினை, அணிந்தவர் எழுவாயாவதில்லை. நன்கு சிவந்தால் கணவனின் அன்பு மிகுதி என்னும் நாட்டார் நம்பிக்கையும் அந்நிறத்தின் பொருளைப் பிறரிடமே வைக்கிறது. நகப்பூச்சோ நிறம் தெரிந்தே வாங்கப்படுவது. அமெரிக்காவில் கியூட்டெக்ஸ் நிறுவனம் 1917இல் திரவ நகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1932இல் தோன்றிய ரெவ்லான், ஒளிபுகா நிறமிகளைப் பயன்படுத்திப் பல நிறங்களை அளித்தது. இந்தியாவில் டாட்டா குழுமம் லாக்மேயை 1952இல் தொடங்கியது. 'லட்சுமி' என்னும் பெயர் பிரெஞ்சு இசைநாடகம் ஒன்றன் வழியே உருமாறி மீண்டும் இந்தியாவிற்கு வந்த கதை அது. கியூட்டெக்ஸ் என்னும் வணிகப்பெயர் மலையாளத்திலும் இலங்கை வழக்கிலும் நகப்பூச்சிற்கே பொதுப்பெயராயிற்று.

பெயர் எதுவாயினும் தமிழில் அதற்குரிய வினை 'போட்டுக்கொள்' என்பதே. தமக்கை போட்டுவிடலாம், ஆனால் 'பெண்ணுக்கு நெயில் பாலிஷ் போட்டார்கள்' என்றால் அதனைச் சீர்வரிசையாக எவரும் பொருள்கொள்ளார். எடையில்லாத, அடகு வைக்க இயலாத, சில நாட்களில் அழியும் இப்பூச்சு, அணிபவளை எழுவாயாக்கியதில் பொன்னினும் ஒருபடி முன்னே நிற்கிறது.

அகராதிகள் 'நகப்பூச்சு' என்னும் ஆக்கச்சொல்லைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. அது கொள்ளும் வினையையும் உடன் தருதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் 'அணிந்தாள்' என்னும் பொதுவினைக்குள் மூவகைத் தொடர்களையும் அடக்கிவிடாது, எழுவாய் யார், பெறுநர் யார் என்பதை நோக்கிப் பெயர்த்தல் வேண்டும். பொன் யாருக்கு உரியது என்னும் வினாவிற்குச் சில வேளைகளில் அவ்வேற்றுமை உருபே விடையாகிறது.