பெரிய கோயில் வானமும் ஒரு ஒட்டுவேலையும்

பெரிய கோயில் படத்துல வெளிறிப்போன வானத்தை கிம்ப்பில் மாத்தினப்போ, 'இது ஏமாத்து வேலையோ?'ன்னு மனசு உறுத்துச்சு. அப்புறம்தான் லின்னேயஸ் ட்ரைப் பத்திப் படிச்சேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-ல் இதே கோயிலைப் படம் எடுத்தவர்.

அன்றைய நெகட்டிவ் நீல ஒளியை அதிகமா வாங்கிக்கும். வானம் வெறும் வெள்ளையா விழும். மனுஷன் பல நெகட்டிவ்கள் மேலேயே சாயம் தீட்டி மேகம் வரவழைச்சார்! விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையா எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினதும் இவரே. இன்னிக்கு மென்பொருள் செய்ற பனோரமா!

ஆனா ஒண்ணு. மேகம் பொய்யானா படம் அழகாகும். கல்வெட்டுல ஓரெழுத்து பொய்யானா வரலாறே மாறிடும். நான் வானத்தோட நிறுத்திக்கிறேன். நீங்க எதுவரைக்கும் போவீங்க?