அன்று கொல்லும் சூடு, நின்று கொல்லும் வோல்டேஜ்

சித்தி பையன் போன வாரம் ஃபோன் பண்ணினான். "அண்ணா, கம்ப்யூட்டர் மறுபடியும் ஹேங் ஆகுது. நீ ஏத்தின ஸ்பீடை எல்லாம் பழையபடி குறைச்சும் பாத்துட்டேன். அப்பவும் ஆகுது."

எனக்குப் பகீர்னு ஆகிவிட்டது. எட்டு மாதம் முன்னாடி அந்த ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ணிக் கொடுத்த புண்ணியவான் நான்தான். ஏற்றிய வேகத்தில் ஹேங் ஆகாமல் இருக்க, வழக்கத்தை விட 0.2 வோல்ட் தாராளமாக ஏற்றி விட்டிருந்தேன். சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால் ஒண்ணும் ஆகாதுன்னு அவனுக்குத் தைரியம் வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் ஓவர்கிளாக்கிங்கின் பழைய கதைகளைத் தோண்டிப் பார்த்தேன். நான் செய்த அதே தப்பை, நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் முன்னாடியே ஊர்ப்பட்ட பேர் செய்து, அழுது, பாடமும் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

1998 ஆகஸ்ட் 24-ல் ஆரம்பிக்கலாம். அன்றைக்கு இன்டெல் இரண்டு சரக்குகளை இறக்கியது. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். இன்னொன்று ஏழைகளுக்கான செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், 149 டாலர். செலரானின் வேகம் எப்படி வருகிறது? மதர்போர்டு கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளுக்குள் 4.5 ஆல் பெருக்கிக்கொள்ளும். அந்த 4.5-ஐ யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் 66-ஐப் பூட்டவில்லை! 440பிஎக்ஸ் சிப்செட் போட்ட மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கும். 100 பெருக்கல் 4.5 எவ்வளவு? சாட்சாத் 450.

இதில் இன்னொரு கூத்து. பென்டியம் 2-ன் 512 கேபி கேஷ் தனி சிப்பில் பாதி வேகத்தில் ஓடியது. செலரானுக்கு 128 கேபிதான், ஆனால் ப்ராசஸருக்குள்ளேயே முழு வேகத்தில். அதனால் பல கேம்களில் 149 டாலர் சரக்கு 669 டாலர் சரக்கோடு தோளோடு தோள் நின்றது. சில மதர்போர்டுகள் தானாக 66-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ப்ராசஸர் அட்டையின் விளிம்பில் பி21 என்ற ஒரு காண்டாக்டின் மேல் துண்டு டேப் ஒட்டினால் போதும், போர்டு ஏமாந்து 100 கொடுத்துவிடும்.

அப்போ இன்டெல் முட்டாளா? இல்லை. ஒரே ஈட்டில் எடுத்த இட்லி மாதிரி, ஒரே தயாரிப்பில் வரும் சிப்புகளைச் சோதித்து, தரம் பிரித்துத்தான் மேலே நம்பர் அடிக்கிறார்கள். குறைந்த விலைச் சரக்குக்கு கிராக்கி அதிகமானால், நல்ல இட்லிக்கும் சுமார் இட்லி விலைதான். ஆக, மேலே அடித்திருக்கும் நம்பரில் பாதி இஞ்சினியரிங், பாதி வியாபாரம். ஓவர்கிளாக்கிங் என்பது அந்த வியாபாரப் பாதியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வது. 300ஏ ஜெயித்த ரகசியம் அதுதான். நிறைய 300ஏக்கள் கம்பெனி கொடுத்த 2.0 வோல்ட்டிலேயே 450-ல் ஓடின. அடம் பிடித்தவற்றுக்குத்தான் 2.1, 2.2 என்று ஏற்றினார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு (பயப்படாதீங்க, ஒரே ஒரு வரி). ப்ராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதம், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம். வேகத்தை மட்டும் 300-லிருந்து 450 ஆக்கினால் சூடு ஒன்றரை மடங்கு. கூடவே வோல்டேஜை 2.0-லிருந்து 2.2 ஆக்கினால் அதன் மேல் 21 சதவீதம், மொத்தம் 1.8 மடங்கு. பத்து சதவீத வோல்டேஜுக்கு இவ்வளவு விலை.

இரண்டு வருடத்தில் கம்பெனியே இந்த ஆட்டத்தில் இறங்கியது. 2000 மார்ச்சில் ஏஎம்டி, இன்டெல்லை இரண்டு நாள் முந்திக்கொண்டு 1 கிகாஹெர்ட்ஸை அறிவித்தது. ரோஷம் வந்த இன்டெல் ஜூலை 31-ல் பென்டியம் 3, 1.13 கிகாஹெர்ட்ஸை அவசரமாக இறக்கியது. டாம்ஸ் ஹார்ட்வேர் தாமஸ் பாப்ஸ்ட், ஹார்ட்ஓசிபி கைல் பென்னட் போன்றவர்கள் சோதித்தார்கள். லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் பண்ணச் சொன்னால் பாதியில் படுத்துவிட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் இன்டெல் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. அது மறுபடி கடைக்கு வந்தது 2001-ல்தான். அளவுக்கு மீறி வேகம் ஏற்றினால் என்ன ஆகும்னு கம்பெனி செலவிலேயே ஊருக்குத் தெரிந்தது. தப்பு நடந்தது, ஆனால் உடனே தெரிந்துவிட்டது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து சூடு. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸரின் தலையிலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றது, ஆனால் சாகவில்லை. ஏஎம்டி அத்லான் புகை விட்டுச் செத்தது. அதற்குப் பின்னால் எல்லாருமே ப்ராசஸருக்குள் வெப்பக் காவலை ஒழுங்காக வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஃபேன் நின்றுபோனாலும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும், முடியாவிட்டால் அணைந்துவிடும். அரசன் மாதிரி அன்றே கொன்ற சூடு, இப்போது கொஞ்சம் அடங்கிவிட்டது.

அடங்காதது தெய்வம். அதாவது வோல்டேஜ்.

2002-ல் நார்த்வுட் என்ற பென்டியம் 4 வந்தது. 1.5 வோல்ட்தான் அதன் கணக்கு. ஓவர்கிளாக் ஆசாமிகள் பழைய பழக்கத்தில் 1.7, அதற்கும் மேலே என்று ஏற்றினார்கள். நல்ல கூலர், சூடு கட்டுக்குள், எல்லாச் சோதனையும் பாஸ். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஜம்மென்று ஓடியது. அப்புறம் ஒருநாள் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்டது. அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் மொத்தமாகச் செத்தது. 'திடீர் நார்த்வுட் மரணம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் எலக்ட்ரோமைக்ரேஷன். ஆற்று வெள்ளம் கரை மண்ணை அரித்துக்கொண்டு போகிற மாதிரி, ஓடுகிற எலக்ட்ரான்கள் மெல்லிய கம்பியிலிருக்கும் உலோக அணுக்களைத் தள்ளிக்கொண்டே போகும். ஒருநாள் கம்பி அறுந்துவிடும். மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969-லேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். மின்னோட்டத்தின் அடர்த்தி கூடினால் ஆயுள் குறையும், சூடு கூடினால் இன்னும் வேகமாகக் குறையும். சிப்புக்குள் எல்லாம் சிறுக்கச் சிறுக்க, நேற்றைய சிப் தாங்கிய வோல்டேஜ் இன்றைய சிப்புக்கு விஷம்.

சரி, இதெல்லாம் பழங்கதை, கம்பெனிக்காரர்கள் இப்போ உஷாராகியிருப்பார்கள் என்று நினைத்தால், 2024 இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள், யாரும் கை வைக்காமலேயே, மாதங்கள் ஓடிய பின் கிராஷ் ஆக ஆரம்பித்தன. ஜூலையில் இன்டெல் காரணத்தைச் சொன்னது: மைக்ரோகோடில் இருந்த தப்பால் ப்ராசஸரே அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது. ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி அணை போட்டார்கள், வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கெனவே அடிபட்ட சிப்பை அந்த மைக்ரோகோடாலும் காப்பாற்ற முடியவில்லை. ப்ராசஸர் ஓடத் தேவைப்படும் குறைந்தபட்ச வோல்டேஜ் மெல்ல மேலே ஏறிவிடுவதுதான் நோய் என்றார்கள். 2002-ல் நார்த்வுட் வைத்திருந்தவர்கள் சொன்ன அதே அறிகுறி!

நான் தப்பு செய்த இடம் அப்போதுதான் புரிந்தது. டெம்பரேச்சரைப் பார்த்தேன், ஹேங் ஆகிறதா என்று பார்த்தேன். இரண்டுமே உடனே தெரிகிற விஷயங்கள். வோல்டேஜ் செய்கிற சேதத்தை எந்த மீட்டரும் அன்றைக்கே காட்டாது. ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டி 'பாஸ்' வாங்கினால், அந்த ராத்திரிக்கு மட்டும்தான் பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ராமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தாச்சு, பயனில்லை. சாதாரண வேகத்தில், சாதாரண வோல்டேஜில் விழுகிறது. கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் ஓடுகிறது. சந்தேகமே இல்லை.

புது ப்ராசஸர் என் செலவில்தான். "அதையும் ஏத்துவியாண்ணா?" என்று கேட்கிறான் பயல்! ஏற்றுவேன், ஆனால் 300ஏ வழியில். வோல்டேஜைத் தொடாமல், வேகத்தை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றி, முதல் தடுமாற்றத்தில் ஒரு படி இறங்கி நின்றுவிடுவது. போர்டு 'ஆட்டோ' என்ற பெயரில் எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வது. முடிந்தால் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தும் பார்ப்பது. இப்போதைய ப்ராசஸர்கள் டர்போ என்று தாங்களே ஏறிக்கொள்வதால், 1998 மாதிரி 50 சதவீதமெல்லாம் சும்மா கிடைக்காது. நாலைந்து சதவீதம் வந்தாலே பெரிசு.

அவன் சரின்னுட்டான். பழையது ஏன் போச்சுன்னு சித்திகிட்ட என்ன சொல்றதுன்னுதான் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன் :-)