விக்தோர் ஹியூகோவின் 77 புள்ளிகள்

வலைப்பின்னல் படம் வரைந்து தரும் திறந்த மூல மென்பொருட்களின் உதாரணங்களைத் திறந்து பார்த்தால், ஒரே நாவலின் ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்பார்கள். புரோட்டோவிஸ், டி3, கெஃபி எல்லாவற்றிலும் வால்ஜான், ஜாவேர், கோசெத். விக்தோர் ஹியூகோவின் லே மிசராப்ள், 1862. தமிழில் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தந்த அதே கதை. 1950இல் அது படமாக வந்தபோது ஜாவேராக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கலைப்பீடத்து ஆட்கள் இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை எண்டு நினைக்கிறம்.

நாவலை எண்ணாக மாற்றியவர் டொனால்ட் குனூத். கணிதத்தில் பெரிய பெயர். 1993இல் வந்த அவரது 'ஸ்டான்ஃபோர்ட் கிராஃப்பேஸ்' புத்தகத்துக்காக, எந்த அத்தியாயத்தில் யார் யாரைச் சந்திக்கினம் எண்டு குறித்து வைத்தார். அன்னா கரேனினாவுக்கும் ஹக்கிள்பெரி ஃபின்னுக்கும்கூட அப்படிச் செய்திருக்கிறார். நோக்கம் இலக்கிய விமர்சனம் அல்ல, அல்கோரிதங்களைச் சோதித்துப் பார்க்கத் தரவு வேண்டும், அவ்வளவுதான். அதிலிருந்து வந்த டி3 உதாரணத்தில் 77 புள்ளிகள், 254 கோடுகள். வால்ஜானிடமிருந்து மட்டும் 36 கோடுகள் போகின்றன.

இதில எங்களை உறுத்துற விசயம் ஒன்று இருக்கு. கோசெத்துக்கும் வால்ஜானுக்கும் இடையிலான கோட்டின் மதிப்பு 31. ஜாவேருக்கும் வால்ஜானுக்கும் 17. ஒன்று வளர்ப்பு மகள் மீதான அன்பு, மற்றது வருசக்கணக்கான வேட்டை. படத்தில் இரண்டும் கோடு, ஒன்று கொஞ்சம் தடிப்பு. எந்த லைப்ரரியும் இதைத் தானாகத் திருத்தாது. கோட்டுக்கு என்ன பொருள் என்று தரவை எழுதுகிற ஆள்தான் முடிவு செய்யவேண்டும்.

புள்ளிகளை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1984இல் பீற்றர் ஈட்ஸ் சொன்ன யோசனை இன்றுவரை ஓடுது: கோடுகளைச் சுருள்வில்லாக நினை, புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளட்டும், எல்லாம் ஆடி அடங்குகிற இடத்தில் படம் எடு. 1991இல் ஃப்ரூக்டர்மானும் ரைன்கோல்டும் இதை மெருகேற்றினார்கள். ஆனபடியால் இத்தகைய படத்தில் மேல், கீழ், இடம், வலம் எதற்கும் பொருள் கிடையாது. பக்கத்தில் இருப்பதும் தூர இருப்பதும் மட்டும்தான் ஏதோ சொல்லும், அதுவும் கவனமாக வாசித்தால். நடுவில நிக்கிறவர்தான் தலைவர் எண்டு முடிவெடுக்கிற கட்டுரைகளை நாங்கள் கனக்கப் பார்த்திருக்கிறம்.

கருவிகளின் கதை இணையத்துக்கு வெளியே தொடங்குகிறது. ஏரி அண்ட் ரி ஆய்வுகூடத்தில் உருவான கிராஃப்விஸ் 1990களைச் சேர்ந்தது. இரண்டு பெயர்களை எழுதி நடுவில் அம்புக்குறி போட்டால் படமாக்கித் தரும். அசையாத படம், ஆனால் இன்றும் வேலை செய்கிறது.

அசையும் படம் வேண்டும் என்று போனவர்களின் பாதைதான் மேடு பள்ளம். ஜெஃப்ரி ஹீரும் கூட்டாளிகளும் 2005இல் பிரஃபியூஸ் கொண்டுவந்தார்கள். அது ஜாவா. பிரவுசருக்குள் காட்ட அப்லெட் வேண்டும். அடுத்து ஹீர் செய்த ஃபிளேர் ஃபிளாஷில் ஓடியது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் மைக் பொஸ்டொக்கும் ஹீரும் 2009இல் புரோட்டோவிஸ் செய்தார்கள், ஜாவாஸ்கிரிப்ட்டில். இரண்டே வருசத்தில், 2011இல், அதையும் விட்டுவிட்டு வடிம் ஒகிவெட்ஸ்கியையும் சேர்த்துக்கொண்டு டி3. சில வருசத்துக்குள் நாலு தரம் வீட்டை இடித்துக் கட்டியிருக்கினம்.

இடிபட்டதற்குக் காரணம் பெரும்பாலும் நிலம்தான். ஜாவா அப்லெட்டைப் பிரவுசர்கள் கைவிட்டன. ஃபிளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31இல் முடிவு கட்டியது. ஃபிளேரின் மூலநிரல் திறந்தபடியேதான் இருந்தது, ஆனால் அதை ஓட்டிய இயந்திரம் ஒரு கொம்பனியின் கையில். திறந்த மூலம் என்ற சொல்லை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியாது. டி3 வித்தியாசப்பட்டது இங்கேதான். அது தனக்கென்று ஒரு தனி உலகம் கட்டவில்லை. பிரவுசருக்கு ஏற்கெனவே தெரிந்த எச்ரிஎம்எல், எஸ்விஜி உறுப்புகளோடு தரவைக் கட்டிவிடுகிறது, அவ்வளவே. எஸ்விஜி 2001இலிருந்து பொதுத் தரநிலை, யாருடைய சொத்தும் இல்லை.

நாங்கள் ஏன் இதற்குள் போனோம் என்றால், பழைய சிறுசஞ்சிகைகளில் யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்று ஒரு வலைப்பின்னல் போடும் எண்ணம் எங்கட குழுவுக்கு இருக்கு. அதற்கு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

டி3 படிக்கக் கஷ்டம். அது ஆயத்த உடுப்பு இல்லை, துணியும் கத்தரிக்கோலும். ஒரு சின்ன வலைப்பின்னலுக்கே நாலைந்து விசயம் விளங்கவேண்டும். ஆனால் எஸ்விஜியில் எழுதிய பெயர் உண்மையான எழுத்து: தமிழ்ப் பெயரைத் தேடலாம், பிரதி எடுக்கலாம். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் போனால் மட்டும் மூச்சு வாங்கும்.

சைட்டோஸ்கேப் ஜேஎஸ் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. உயிரியல்காரர்களுக்காக. மிகக்குறுகிய பாதை, மையத்தன்மை மாதிரிக் கணக்குகள் உள்ளேயே இருக்கு. டி3 வரைந்துவிட்டு நிற்கும், இது கணக்கும் போடும். ஆனால் படம் கான்வாஸில் வருவதால் பெயர்கள் வெறும் நிறப்புள்ளிகள், தேட முடியாது.

சிக்மா ஜேஎஸ் பாரிஸ்காரர். 2012இல் அலெக்சிஸ் ஜாகோமி தொடங்கியது, சயன்ஸ் போ மீடியாலாப்போடு சேர்ந்து வளர்ந்தது. அந்த ஆய்வுகூடத்தை 2009இல் நிறுவியவர் புரூனோ லத்தூர். ஓம், சமூகவியல் வகுப்பில வாற அதே லத்தூர். வெப்ஜிஎல் வழியாக கிராஃபிக்ஸ் சிப்பையே வேலை வாங்குவதால் பல்லாயிரம் புள்ளிகளைத் தாங்கும். எங்கட சஞ்சிகைக் கணக்குக்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

இவற்றை ரியாக்ட்டோடு சேர்ப்பது தனித் தலையிடி. ஃபேஸ்புக் 2013இல் திறந்துவிட்ட ரியாக்ட், பக்கத்தை நான்தான் ஆளுவேன் என்கும். டி3யும் அதையே சொல்லும். ரியாக்ட்டின் உரிமத்தில் காப்புரிமை பற்றி ஒரு நிபந்தனை இருந்தது. 2017இல் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்த உரிமத்தைத் தடுத்தது, வேர்ட்பிரஸும் விலகப்போவதாக அறிவித்தது. அந்த வருசம் செப்டெம்பரிலேயே ஃபேஸ்புக் இறங்கிவந்து எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது. உரிமப் பக்கத்தை யாரோ வாசித்திருக்கினம்!

விஸ் ஜேஎஸ் கதை எதிர்த்திசை. நெதர்லாந்தின் அல்மெண்டே என்ற நிறுவனம் தொடங்கி, பிறகு பராமரிப்பதை விட்டது. 2019இல் பாவனையாளர்களே அதைத் துண்டுகளாகப் பிரித்து எடுத்து நடத்தத் தொடங்கினார்கள்.

நாங்கள் டி3யை எடுத்திருக்கிறம். மையத்தன்மைக் கணக்கு தேவைப்படும்போது அதே தரவைச் சைட்டோஸ்கேப்புக்குக் கொடுப்பதாக முடிவு. தரவு எந்த லைப்ரரிக்குள்ளும் இல்லை, குனூத்தின் கோப்பு மாதிரி வெறும் எழுத்துக் கோப்பாகத் தனியே இருக்கு. எழுதியவர், இதழ், ஆண்டு என்று மூன்று நிரல்கள். நாலாவதாக ஒன்று சேர்த்திருக்கிறம்: ஒரே இதழில் சேர்ந்து எழுதினவையா, இல்லை ஒருத்தரை ஒருத்தர் தாக்கி எழுதினவையா. அந்த நிரலை நிரப்பத்தான் ஆகக் கூட நேரம் போகுது. ஒவ்வொரு கட்டுரையையும் வாசித்துத்தானே போடவேணும்.