அழுத்திய ஏடும் அழியாத வடுவும்

பழைய நூலொன்று நம் கைக்கு வந்து சேர்கின்றது. மூலை வளைந்து, முதுகு ஒருபுறம் சாய்ந்து, ஈரம் பட்ட தாள்கள் அலையலையாய் நெளிந்து கிடக்கின்றன. அதனை இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கனமான பொருளொன்றை ஏற்றிச் சில நாள் விட்டுவைப்போம். பைண்டிங் செய்வோர் பட்டறையிலும் இதற்கெனவே திருகுப் பிரஸ் உண்டு. இதில் குற்றம் காண்பார் எவருமிலர். ஆயின் இதே செயல், அமெரிக்காவில் சிறுவர்களுக்கென 10 சென்ட் விலையில் விற்கப்பட்ட சித்திரக்கதை இதழ்களின்மீது நிகழ்ந்தபோது, கால் நூற்றாண்டாகியும் ஓயாத வழக்கொன்று எழுந்தது. சிறுபிள்ளை விளையாட்டென நாம் தள்ளிவிடத்தக்க ஒன்றன்று அது. ஒரு பொருளின் நல்ல நிலை என்று எதனைச் சொல்கின்றோம் என்பதே அவ்வழக்கின் உட்பொருள்.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டு வெளிவந்தது. அக்காலத்து இதழ்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்று எவரும் எண்ணி அச்சிடவில்லை. உள்தாள் மரக்கூழில் செய்த மலிவான செய்தித்தாள் காகிதம். மேலட்டை சற்றே வழவழப்பான தாள். இரண்டையும் பிணைப்பவை முதுகில் அடித்த இரு கம்பிகள். மரக்கூழில் எஞ்சிநிற்கும் லிக்னின் என்னும் பொருள் காற்றும் ஒளியும் பட்டு மாறுவதால் தாள் பழுப்பேறும். அமிலம் பெருகப் பெருக அது நொறுங்கத் தொடங்கும். இரண்டாம் உலகப் போரின்போது பழந்தாள் திரட்டும் இயக்கத்திற்குச் சிறுவர்கள் கட்டுக்கட்டாய் இவ்விதழ்களை வாரிக் கொடுத்தனர். எஞ்சியவை அருமைப்பொருள்களாயின.

ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970இல் தம் விலைக் கையேட்டை வெளியிட்டார். எந்த இதழ் எந்த நிலையில் இருந்தால் என்ன விலை என்பது அதன்பின் அச்சில் ஏறிய செய்தியாயிற்று. 1977இல் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வாழ்ந்த எட்கர் சர்ச் என்னும் விளம்பர ஓவியர் பல்லாண்டுகள் வாங்கிச் சேர்த்த இதழ்களைச் சக் ரொசான்ஸ்கி என்னும் இளம் வணிகர் விலைக்கு வாங்கினார். அவை 18,000க்கும் மேல். நாற்பது ஆண்டு முதுமையுடைய இதழ்களும் நேற்று அச்சிட்டவை போல வெளுப்பும் பளபளப்பும் குன்றாது இருந்தன. கொலராடோவின் வறண்ட காற்று ஒரு காரணம். அவற்றை ஒன்றன்மேலொன்றாய் நெருக்கி உயர அடுக்கியிருந்தது மற்றொரு காரணம். இதழ்களின் பாரமே இதழ்களை அழுத்தியது. இடையே காற்றும் ஒளியும் புகவில்லை. எந்திரத்தின் உதவியின்றிக் காலமே செய்த அழுத்தம் இது. இதன்மேல் எவரும் குறை சொன்னதில்லை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

பின்னர்ச் செப்பனிடும் தொழில் வளர்ந்தது. கிழிசலை ஒட்டினர், நிறம் உதிர்ந்த இடத்தில் நிறம் தீட்டினர், காணாமற்போன மூலைக்கு வேறு தாள் இசைத்தனர். தொடக்கத்தில் இத்தகைய இதழ்கள் நல்ல விலை பெற்றன. 2000ஆம் ஆண்டில் சி.ஜி.சி. என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம் தோன்றியதும் நிலை மாறிற்று. இதழை ஆராய்ந்து 0.5 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருவது அதன் பணி. இயல்பான இதழுக்கு நீலச் சீட்டு. செப்பனிட்டதற்கு ஊதாச் சீட்டு. ஊதாச் சீட்டு பெற்ற இதழின் விலை சரிந்தது. ஆனால் அழுத்துதலை அந்நிறுவனம் செப்பனிடுதல் என்று கொள்ளவில்லை. எதனையும் கூட்டவில்லை, எதனையும் நீக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆக, ஊதாச் சீட்டின் அச்சமின்றி இதழின் தோற்றத்தை உயர்த்த வணிகர்க்கு ஒரு வழி திறந்திருந்தது.

அவ்வழி எத்தகையது? தாள் என்பது நார்களின் பின்னல். சிறிது ஈரப்பதம் ஊட்டினால் நார்கள் இளகும். பின்னர் ஒட்டாத தாள்களை இடையிட்டு, புகைப்படங்களை அட்டையில் ஒட்டுவதற்கென அமைந்த வெப்ப அழுத்துபொறியில் இதழை வைத்து, அளவான சூட்டில் அழுத்துவர். சூடு தணியும்வரை பாரத்தின்கீழேயே இருக்கவிடுவர். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி செய்யும் வேலைக்கு இது நெருங்கிய உறவு. விரல் பட்ட பள்ளம், வளைவு, நெளிவு, சாய்ந்த முதுகு ஆகியவை மறையும். ஆயின் மடிப்பின்போது மையே வெடித்து உள்ளிருக்கும் வெண்தாள் கீற்றாய்த் தெரிகின்றதே, அவ்வடு போகாது. கறையும் துருவும் நிறமங்கலும் போகா. பழுப்பேறிய தாள் ஒரு சிறிதும் வெளுக்காது.

தீங்கும் உண்டு. ஈரம் மிகுந்தால் கம்பி துருப்பிடிக்க வழியாகும். நொறுங்கும் நிலையிலுள்ள முதுகு அழுத்தத்தில் பிளந்துவிடும். மேலட்டையும் உள்தாளும் வெவ்வேறு வகைத் தாளாதலால் ஈரத்திற்கும் சூட்டிற்கும் வெவ்வேறாக நீண்டு சுருங்கும்; அட்டை சுருங்கி உள்தாள்கள் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இதழ்கள் சேகரிப்போர் கண்ணில் பட்டுப் பெருங்குறையாய்ப் பேசப்பட்டன. சில நெளிவுகள், நார் தன் பழைய நிலையை நாடுவதால், சில காலம் கழித்து மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் காரணம் பெரும்பாலும் அவசரக் கையே. தேர்ந்த கை பொறுமையாய்ச் செய்யும் அழுத்தத்தால் இதழுக்கு வெளிப்படையான கேடு விளைவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வழக்கின் இருதரப்பிலும் உண்மை இருக்கின்றது. எட்கர் சர்ச்சின் அறையில் நாற்பது ஆண்டுப் பாரம் செய்ததை எந்திரம் சில நிமிடங்களில் செய்தால் ஏன் குற்றம் என்று ஒரு தரப்பார் கேட்கின்றனர். சர்ச்சின் இதழ் காட்டும் அழகு அவர் பேணியதற்குச் சான்று. பொறியில் வந்த அழகோ சென்ற வாரத்துக் கூலிக்குச் சான்று என்று மறுதரப்பார் விடையிறுக்கின்றனர். என் கருத்தில், பிழை அழுத்துதலில் இல்லை. அதனைச் சொல்லாமல் விடுவதில் இருக்கின்றது. அருங்காட்சியகங்களில் பழந்தாள் பேணும் வல்லுநரும் தாளை ஈரமூட்டித் தட்டையாக்குகின்றனர். செப்புத் தகட்டு ஓவிய அச்சுகளில் தகட்டின் விளிம்புப் பதிவு அழிந்துவிடலாகாதே என்று அளந்து அழுத்துகின்றனர். செய்தது இன்னதென்று குறிப்பேட்டில் எழுதியும் வைக்கின்றனர். சித்திரக்கதைச் சீட்டில் தாளின் வெண்மைக்குத் தனி வரி உண்டு. அழுத்தியதற்கு வரி இல்லை.

பணம் சிறிதாயின் இதனை விட்டுவிடலாம். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் 9.0 எண் பெற்ற படி 2014இல் 32 லட்சம் டாலருக்கும், 8.5 எண் பெற்ற வேறொரு படி 2024இல் 60 லட்சம் டாலருக்கும் விலைபோயின. பல இதழ்களில் 9.6க்கும் 9.8க்கும் இடையிலுள்ள சிறு தொலைவே விலையைப் பன்மடங்காக்கும். 2012இல், அழுத்தும் பணியில் பெயர்பெற்றிருந்த டெக்சாஸ் மாநில நிறுவனமொன்றைச் சி.ஜி.சி.யின் தாய்நிறுவனமே வாங்கிக்கொண்டது. மதிப்பிடுவோரும் அழுத்துவோரும் ஒரே குடைக்கீழ் வந்தனர். வேலை தனித்தனி என்று அவர்கள் சொன்னாலும், சேகரிப்போர் பலருக்கு அது உவப்பாயில்லை.

இதனால் விளைந்த பயன்களுள் ஒன்று விந்தையானது. எண் உயரும் என்று தோன்றினால், மூடிய உறையை உடைத்து இதழை எடுத்து, அழுத்தி, மீண்டும் மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றனர். எந்த இதழில் எந்த எண்ணுடைய படிகள் எத்தனை என்று சி.ஜி.சி. ஒரு கணக்கு வைத்திருக்கின்றது. பழைய சீட்டை உரியவர் திருப்பி அனுப்பாவிடில் அக்கணக்கில் பழைய எண்ணும் நிற்கும். புதிய எண்ணும் ஏறும். உலகில் உள்ளது ஒரு படி. ஏட்டில் இருப்பவை இரண்டு.