சோழி வச்சு கோணம் பார்த்த புதுச்சேரிக்காரர்

போன சனிக்கிழமை பாகூர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஒரு சின்ன 2டி கேம் எழுதிட்டு இருந்தேன் மக்களே. எதிரி எங்க போனாலும் பீரங்கி அவனைப் பார்த்துத் திரும்பணும், அவ்ளோதான். ஆனா எதிரி ஒரு கோட்டைத் தாண்டினதும் பீரங்கி எதிர்ப்பக்கமா ஒரு முழுச் சுத்து சுத்திட்டு வந்துச்சு! கோணம் 179-லேர்ந்து மைனஸ் 179-க்குக் குதிக்குது. நகர்ந்ததென்னவோ 2 டிகிரி. கழிச்சா மைனஸ் 358. மைனஸ் 180-க்குக் கீழ போனா 360 கூட்டணும்னு எங்கேயோ பார்த்ததைப் போட்டேன். சரியாயிடுச்சு. ஏன்னு யோசிக்கலை.

பக்கத்துல பஞ்சாங்கம் பார்த்துட்டிருந்த தாத்தா கேட்டுட்டுச் சொன்னார்: "திதியும் அதேதான்டா. சந்திரன்ல சூரியனைக் கழி. பத்தலைன்னா 360 போடு. பன்னெண்டால வகு."

அட! சூரியன் 350 டிகிரி, சந்திரன் 10 டிகிரின்னா கழிச்சு வர்றது மைனஸ் 340. 360 கூட்டினா 20. பிரதமை முடிஞ்சு துவிதியை நடக்குது. ரெண்டு பொருளுக்கு நடுவுல உள்ள கோணம்தான் திதி!

அப்புறம் தேடிப் படிச்சது இது. வெள்ளி சூரியனைக் கடக்கிறதைப் பார்க்க 1768-ல புதுச்சேரி வந்தார் லெ ஜென்டில்ங்கிற பிரெஞ்சு வானியலாளர். 1769 ஜூன் 4 காலையில மேகம் மறைச்சு ஏமாந்தார். ஆனா இங்கே ஒரு தமிழர்கிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30-ல நடந்து முடிஞ்ச சந்திர கிரகணத்தைக் கொடுத்துச் சோதிச்சா, தமிழர் சொன்ன கால அளவுல 41 விநாடிதான் பிழை. ஐரோப்பாவின் மேயர் அட்டவணைக்கு 68 விநாடி!

1825-ல ஜான் வாரன் 'காலசங்கலித'ன்னு ஒரு புத்தகம் போட்டார். அவர் பார்த்த புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் பேனா தொடலை. தரையில சோழி பரப்பி, மனப்பாட அட்டவணையை வச்சே அந்த வருஷ மே 31 கிரகணத்தைக் கணிச்சார். ஆரம்பத்துல 4 நிமிஷம் பிழை, முடிவுல 52 நிமிஷம்.

அட்டவணை எப்படி மனசுல நிக்கும்? எழுத்துக்கு ஒரு எண். சந்திரனோட 248 நாள் இருப்பிடமும் 248 வாக்கியம். வாக்கியப் பஞ்சாங்கம்ங்கிற பேரே அதிலேர்ந்து வந்ததுதான். ஆரியபட்டர் 24 சைன் வித்தியாசங்களைப் பட்டியல் போட்டதும், 1993-ல வந்த டூம் கேம்ல சைன் அட்டவணையை முன்கூட்டியே போட்டு வச்சதும் ஒரே புத்திதான்: ஒருதரம் கணக்குப் போடு, அப்புறம் பார்த்து எடு.

அந்த ஆளுக்கு நினைவாற்றல் அபாரம், ஆனா தியரி எதுவும் தெரியாதுன்னு வாரன் எழுதியிருக்கார். படிச்சப்ப சுருக்னு இருந்துச்சு. அந்த 360-ஐ நான் கூட்டினதும் அப்படித்தானே? ஒரு வித்தியாசம்: அவருக்கு அட்டவணை மனசுலயே இருந்துச்சு. எனக்கு நெட் போனா கையும் ஓடாது.

இப்ப தாத்தாகிட்ட தினம் ஒரு திதி போட்டுக் காட்டுறேன், காகிதத்துல. நாலுல ஒண்ணு தப்பாகுது.

உங்க ஊர்ல சோழிக் கணக்கு தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் இருந்தா, கேட்டு ஒரு பதிவாப் போடுங்கப்பா.