ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையின் வளர்ச்சி

ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை என்பது ஈதர்நெட் வலையமைப்பில் தரவு சுழலில் சிக்காமல் காப்பதற்காக, சுவிட்சுகளின் இயக்க மென்பொருளில் சேர்க்கப்பட்ட வசதியாகும்.

இணைய நெறிமுறைப் பொதி ஒவ்வொன்றிலும், அது எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற வரம்பு எண் உண்டு. ஈதர்நெட் சட்டகத்தில் அப்படி எதுவும் இல்லை. இரு சுவிட்சுகளுக்கிடையே இரண்டு கம்பிகள் இருந்தாலே போதும். அனைவருக்குமான அறிவிப்புச் சட்டகம் ஒன்று ஓயாமல் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வலையமைப்பையே அடைத்துவிடும். ஆனால், ஒரு கம்பி பழுதானால் உதவ இன்னொன்று வேண்டுமே!

இதற்கான தீர்வை 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் வடிவமைத்தார். சாதனங்கள் தமக்குள் செய்தி பரிமாறி ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். வேருக்குச் செல்லும் சிறந்த வழிகளைத் திறந்து, மற்றவற்றை அடைத்து வைக்கும். இம்முறை 1990இல் 802.1டி தரநிலையில் இடம்பெற்றது.

இதன் குறை வேகமின்மை. ஒரு வழி அறுந்தால், பழைய தகவல் காலாவதியாக 20 நொடி, மாற்றுவழி திறக்குமுன் இரு நிலைகளில் 15 நொடி வீதம் என மொத்தம் 50 நொடி வரை தரவு நின்றுபோகலாம். சிஸ்கோ தன் மென்பொருளில் போர்ட்ஃபாஸ்ட், அப்லிங்க்ஃபாஸ்ட் முதலிய வசதிகளைச் சேர்த்து இதைக் குறைத்தது. ஆனால் அவை அந்நிறுவனத்துக்கே உரியவை. 2001இல் வந்த 802.1டபிள்யூ தரநிலையில், அண்டைச் சுவிட்சுகள் காத்திருக்காமல் ஒன்றையொன்று கேட்டு உடன்படும் முறை பொதுவானது. பெரும்பாலும் ஓரிரு நொடிகளுக்குள் மாற்றுவழி திறந்தது.

தரநிலை வந்தாலும் பழைய வலையமைப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் வலையமைப்பு சுமார் நான்கு நாட்கள் திரும்பத் திரும்ப முடங்கியது. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக இணைத்து வளர்ந்த அந்த வலையமைப்பில், இரு முனைகளுக்கிடையே 7 சுவிட்சுகளுக்கு மேல் இருக்கலாகாது என்ற பரிந்துரை மீறப்பட்டிருந்தது. கணினித் திரையில் மருந்துச் சீட்டும் ஆய்வக முடிவும் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்ப நேர்ந்தது. இளம் மருத்துவர்கள் சிலருக்குத் தாள் முறையே புதிது. பின்னர் வலையமைப்பின் மையப்பகுதி ரவுட்டிங் அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டது.

மேசையடியில் யாரோ செருகும் சிறு சுவிட்சாலும் சுழலோ வேர்மாற்றமோ நேரலாம். பிபிடியூ கார்டு என்ற வசதி, கணினிக்கென ஒதுக்கிய போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தவுடன் அந்த போர்ட்டை மூடிவிடும். 802.1டி தரநிலையின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய முறை நீக்கப்பட்டு, விரைவு முறையே அதன் இடத்தைப் பெற்றது.

பெர்ல்மன் முன்னின்று உருவாக்கிய ட்ரில் நெறிமுறை 2011இல் வெளியானது. ஈதர்நெட் சட்டகத்தில் தொடக்கம் முதலே இல்லாதிருந்த வரம்பு எண், ட்ரில் சேர்க்கும் தலைப்பில் இடம்பெற்றது.