பட்டிப்பளை ஆற்றுக் காடுகளும் தீயும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான கரையோர ஊர்களின் வேளாண்மை பெரும்பாலும் பட்டிப்பளை ஆற்றையே நம்பி நிற்பது. அவ்வாற்றின் மேற்குப்புற வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களையும் குடியேற்றங்களையும் விரித்துரைத்தனர். அக்காட்டை உருமாற்றி வந்துள்ள தீயைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

இப்பகுதி பெறும் மழையிற் பெரும்பங்கு கார்த்திகை முதல் தை வரையுள்ள மாதங்களிற் பெய்வது. வைகாசி தொடங்கிக் கச்சான் எனும் உலர்காற்று மலைகளைக் கடந்து வந்து, புல்லையும் சருகையும் காய்ச்சிவிடும். இடிமின்னல் மழையோடு சேர்ந்தே வருவதனால் ஈண்டுத் தானாக மூளும் தீ அரிது. மனிதர் மூட்டும் தீயே பெரிது. சேனை செய்வோர் கோடையிற் காட்டை வெட்டி, மழைக்கு முன்னர் எரித்து, சாம்பலிற் குரக்கனும் சோளனும் விதைத்தனர். ஓரிரு போகங்களின் பின் அந்நிலத்தைக் காட்டுக்கே விட்டனர். பட்டிக்காரரின் தேவை வேறு. வட்டையில் நெற்பயிர் நிற்குங்கால் மாடுகளுக்கு ஆங்கு இடமில்லை. ஆதலாற் கரையோரப் போடிமாரின் பட்டிகள் மேற்கே சாய்க்கப்பட்டன. முற்றிய மானாப்புல்லை மாடு தின்னாது. எரித்தாற் பசுந்தளிர் விடும். அறியாமையினால் அன்று, மாடு காக்கும் அறிவினாலேயே அவர் நெருப்பு வைத்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

இவ்வாறு எரிந்து வந்த நிலமே தலாவை எனப்படும் மரஞ்செறியாப் புல்வெளி. கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஆகிய மரங்கள் ஆங்கே தனித்தனியே நிற்பன. தீயைத் தாங்கி மீண்டும் துளிர்ப்பன. மருந்துக்கு உதவும் இம்மரங்கள் புல்வெளியில் நிறைந்திருத்தல் தற்செயல் அன்று. தீ விட்டுவைத்தவை அவை. இலங்கையின் புல்நிலங்கள் காலநிலையால் வந்தனவா, கோடரியாலும் நெருப்பாலும் வந்தனவா என்னும் வினா பழையது. மலைநாட்டுப் பத்தனைகளைப் பற்றிப் பியர்சன் 1899 இலும், நாட்டின் புல்நிலங்களைப் பற்றிப் பொதுவாக ஹோம்ஸ் 1951 இலும் ஆராய்ந்து எழுதினர்.

அரசின் நோக்கு வேறாயிருந்தது. 1885, 1907 ஆம் ஆண்டுகளின் வனக் கட்டளைச் சட்டங்கள் காட்டை முடிக்குரிய சொத்தாகக் கண்டன. சேனைக்காரனை அழிப்பவனாகவே கண்டன. பின்னர், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அணை கட்டி, பெருங்காட்டை இயந்திரங்களால் வெட்டி வெளியாக்கியது. ஒருவன் மூட்டிய நெருப்பைக் குற்றமென்றும், மற்றொருவன் ஓட்டிய இயந்திரத்தை அபிவிருத்தியென்றும் கூறுதல் நடுநிலை ஆகாது. 1954 இல் நீரேந்து பகுதியைக் காக்கத் தேசியப் பூங்கா அமைந்தது நன்றே. அதன் மூன்றிலொரு பங்களவு தலாவை. எனினும், நீரும் குடியேற்றமும் பூங்காவும் எல்லை வகுத்தபின், மேய்ச்சற்றரை சுருங்கியது. போர் நடந்த ஆண்டுகளிற் பலர் எஞ்சிய தரைகளுக்கும் செல்ல முடியாது பட்டிகளை இழந்தனர்.

ஓர் இயற்கைத் தொகுதியின் ஊறுபடு தன்மையை அளவிடுங்கால், அது எவ்வளவு தாக்கத்துக்கு உட்படுகிறது, எவ்வளவு எளிதிற் பாதிக்கப்படுகிறது, எவ்வளவு மீளவல்லது என மூன்றையும் நோக்கவேண்டும் என்பது காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2007 இல் எடுத்துரைத்த முறை. தீ கண்ட இடங்களை மட்டும் எண்ணுவோர் தலாவையையே முதலிற் குறிப்பர், அது பிழை. தலாவை எரியும், அடுத்த மழையில் எழும். பாலை, வீரை, முதிரை நிற்கும் அடர்காடோ எளிதில் எரிவதன்று. ஆயின் தீயோடு பழகியதும் அன்று. அதன் ஓரம் ஒருமுறை கருகினால் ஆங்கே இலுக்கு நுழையும். நுழைந்த இலுக்கு மறு கோடையில் நெருப்பை இன்னும் உள்ளே கொண்டு செல்லும். எரியாத காடே ஊறுபாடு மிக்க காடு.

2016, 2017 ஆம் ஆண்டுகளின் வறட்சி, நாடு நாற்பது ஆண்டுகளிற் கண்டவற்றுட் கொடியது எனப்பட்டது. அவுஸ்திரேலியாவில் 2019 இலும் 2020 இலும் எழுந்த பெருந்தீ, ஈரம் காத்து நின்ற பழைய மழைக்காடுகளுக்குள்ளும் புகுந்தது. வெப்பம் ஏறி, கோடை நீளுமாயின், பாலைக்காட்டின் நிழலிற் கிடக்கும் சருகும் மானாப்புல்லைப் போலக் காய்ந்துவிடும்.

கரையோர உழவனுக்கு இது தொலைவிலுள்ள காட்டின் செய்தி அன்று. ஆவணியிலும் புரட்டாதியிலும் எரிந்த சரிவு, புல் மூடுமுன்னரே ஐப்பசி, கார்த்திகை மழையை ஏற்கிறது. வேர்ப்பிடி இழந்த மண்ணும் சாம்பலும் அம்மழையோடு இறங்கிச் சேனநாயக்க சமுத்திரத்தின் அடியிற் படிகின்றன. கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் சிறுபோகத்திற்கு நீர் திறக்கப்படுவது அக்குளத்திலிருந்தே.